இல்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு ரூம்

மார்ச் 30, ஞாயிறு

கடை லீவு. கணக்கு வருஷ முடிவு என்பதால் காலையிலேயே போய் ஸ்டாக் எடுத்தேன். சீலிங் ஃபேன் பெட்டிகளில் மூன்றை எலி கடித்திருக்கிறது. நல்ல கம்பெனிப் பெட்டிகளைத்தான் கடித்திருக்கிறது, மட்டச் சரக்கைத் தொடவில்லை. தூத்துக்குடி டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் பாதிக் கடைக்காரர்களைவிட எலிக்கு விவரம் அதிகம்.

வீட்டுக்கு வந்தால் வடிவு லண்டனில் இருக்கிற மகளோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கிறாள். பிரியாவுக்கு ஜூலை மூன்றாவது வாரம் என்று சொல்லியிருக்கிறார்களாம். போனை வைத்துவிட்டு வடிவு சொன்னாள்: "பிள்ளைக்குப் பேறு பாக்க நான் போறேன். வந்தா வாங்க, வராட்டா கடையில இருங்க."

திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் தனியாக விட்டால் அழுதுவிடுவாள். இவள் லண்டன் போகிறாளாம்.

ஏப்ரல் 2, புதன்

மூன்று நாளாக வீட்டில் இதே பேச்சு. நான் போகாமல் முடியாது. ஆனால் எழுதி வைக்கிறேன்: அவன் வீட்டில் ஒரு வாய் சாப்பிட மாட்டேன், ஒரு ராத்திரி படுக்க மாட்டேன்.

அவன் என்றால் கிளைட்டன். ஊர் பெரியதாழை, மீன்பிடிக் கிராமம். சென்னை ஆஸ்பத்திரியில் பிரியா லேபில் இருந்தபோது அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆம்பிளை நர்ஸ். இப்போது லண்டனில் அதே வேலை. மூன்று வருஷத்துக்கு முன் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் முடித்துவிட்டுப் போனில் சொன்னார்கள். நான் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பெட்பேன் எடுக்கிறவனுக்கா என் மகளை எம்.எஸ்ஸி. வரை படிக்க வைத்தேன்?

"அப்ப லண்டன்ல எங்கன படுப்பீங்க? ரோட்டுலயா?" என்றாள் வடிவு.

"அம்மாம் பெரிய ஊருல லாட்ஜ் இல்லையாளா?"

சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

காசிலிங்கத்தைப் பார்க்கப் போனேன். காலேஜில் என்னோடு படித்தவன். நாலு வருஷத்துக்கு முன் பத்து நாள் டூர் போய்விட்டு வந்ததிலிருந்து லண்டன் அவன் மாமனார் ஊர் மாதிரி. ஹைட் பார்க் பக்கம் தங்கு, காற்றோட்டமாக இருக்கும் என்றான். இவன் ஹைட் பார்க்கைப் பார்த்தது ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாக. அதுவும் அப்போது தூங்கிக்கொண்டிருந்ததாக அவன் பெண்டாட்டி சொன்னாள்.

இன்னொரு யோசனையும் சொன்னான். ஓட்டலில் காலைச் சாப்பாடு இலவசமாம். ரொட்டியைக் கை துடைக்கிற பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டால் மத்தியானத்துக்கும் ஆகுமாம். காஞ்சிபுரம் பட்டுப் பையில் ரொட்டி திருடிய குடும்பம் இது. இவனிடம் யோசனை கேட்கப் போன என்னைச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

லண்டன் லாட்ஜ் வாடகை பார்த்தேன். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

மறுபடி பார்த்தேன். நேற்றுப் பார்த்தது சரிதான். ஒரு ராத்திரிக்குப் பதினாறாயிரம். ஜூலை மாசம் சீசனாம், வெயில் அடிக்குமாம், அதனால் விலை ஏறுமாம். வெயிலுக்குக் காசு கேட்கிற ஊரை இப்போதுதான் பார்க்கிறேன். அந்தக் கணக்கில் தூத்துக்குடிக்காரன் எல்லாம் கோடீஸ்வரன்.

ஜன்னல் இல்லாத அறை கொஞ்சம் மலிவு. ஜன்னலுக்குத் தனி ரேட்! நம் பழைய பஸ் ஸ்டாண்டு லாட்ஜில்கூட அப்படிக் கேட்பதில்லை. அங்கே ஜன்னலைத் திறந்தால் வருகிற வாடைக்கு லாட்ஜ்காரன்தான் நமக்குக் கொடுக்க வேண்டும்.

ஐந்து வாரம் தங்க வேண்டும். இந்த ரேட்டில் தங்கினால் கடையை விற்றுவிட்டு அங்கேயே வாட்ச்மேன் வேலைக்குச் சேர வேண்டியதுதான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பாளையங்கோட்டை ரோட்டில் டிராவல்ஸ் வைத்திருக்கிற ராஜபாண்டியிடம் போனேன். "லண்டன் நம்ம கைக்குள்ள சார்" என்றான். அவன் தலைக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பாரிஸ் கோபுரம். அது எந்த ஊர் என்று கேட்டேன். லண்டன்தான் சார், பழைய போட்டோ என்றான்.

நம் ஆட்கள் நடத்துகிற தங்குமிடம் ஒன்று இருக்கிறதாம், வீடு மாதிரி இருக்குமாம். போனில் படம் காட்டினான். கோழி வறுக்கிற கடைக்கு மேல் ஒரே அறை, ரயிலில் இருப்பதுபோல் மேலும் கீழுமாக எட்டுப் படுக்கை. ஒரு படுக்கையில் ஆள் கிடந்தான். படம் எடுப்பது தெரிந்தும் எழுந்திருக்கத் தெம்பில்லாத முகம். அறுபது வயதில் ஏணி வைத்து மேலே ஏறிப் படுத்து, மற்ற ஏழு பேர் கால் வாடையை மோந்துகொண்டு கிடப்பதற்குப் பெயர் வீடு மாதிரியாம்.

ஏப்ரல் 21, திங்கள்

சொந்த வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விடுகிறவர்கள் இன்டர்நெட்டில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரு வாரமாகக் கடை அடைத்ததும் இதுதான் வேலை. அவர்கள் பாஷை இப்போது எனக்குப் புரிகிறது. 'அடக்கமான அறை' என்றால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடக்க வேண்டும். 'உயிரோட்டமான தெரு' என்றால் கீழே சாராயக் கடை. 'நட்பான பூனை உண்டு' என்றால் படுக்கை பூனையுடையது.

ஒரு அம்மாள், வீட்டில் எண்ணெய் காய்ச்சக் கூடாது, பத்து மணிக்குமேல் தண்ணீர் திறக்கக் கூடாது என்று எழுதிவிட்டு, உங்களைப் பற்றி நாலு வரி எழுதுங்கள், பிடித்தால் அறை தருகிறேன் என்கிறாள். என்ன எழுத? தங்கதுரை, வயது அறுபது, ஸ்விட்ச் வியாபாரி, குறட்டை உண்டு. மாப்பிள்ளை பார்க்க வந்த மாதிரி இருக்கிறது. நான் எழுதவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

கிடைத்துவிட்டது. கூட்டத்தில் ஒரு மனுஷன் இருந்திருக்கிறான்.

ரிட்டயர் ஆன கப்பல் கேப்டன். மாடியில் தனியறை, பின்னால் தோட்டம், பிரியாவுக்குப் பேறு பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு நடந்துபோகிற தூரம். மற்றவர்கள் கேட்பதில் பாதி வாடகை. நான் தூத்துக்குடி என்று எழுதினேன். 1986இல் அந்தத் துறைமுகத்துக்கு வந்திருக்கிறேன், உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசும், உங்கள் ஊர் முந்திரி மக்ரூன் ஒரு டப்பா வாங்கிப்போனேன் என்று பதில் வந்தது. மக்ரூன் தெரிந்தவன் மட்டமான ஆளாக இருக்க முடியாது.

ஆளைப் பார்த்து எடைபோட எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். முப்பத்தைந்து வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவன் நான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கேப்டனுக்கு மூன்று வார வாடகையை முன்பணமாக அனுப்பினேன். சீசன் என்பதால் நிறையப் பேர் கேட்கிறார்களாம். வடிவு அந்த வீட்டு விலாசத்தை, 94ஆம் நம்பர், ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள்.

காசிலிங்கத்துக்கும் போன் போட்டுச் சொன்னேன். அவன் உடனே பேச்சை மாற்றிவிட்டான். வயிறு எரியட்டும்.

மே 8, வியாழன்

மத்தியானம் கடையில் கூட்டமாக இருக்கும்போது போனில் செய்தி. மூன்று வருஷத்தில் அவனிடமிருந்து எனக்கு வந்த முதல் செய்தி. அப்படியே எழுதுகிறேன்.

"மாமா, அந்தத் தெருவுல 58ஆம் நம்பரோட வீடு முடிஞ்சிருது. 94 கிடையாது. ரெண்டு தடவ நடந்து பாத்துட்டேன். முக்குக் கடையிலயும் கேட்டேன், அப்படி ஒரு கேப்டன் யாருக்கும் தெரியல. பேங்குக்கு உடனே சொல்லுங்க மாமா."

கூடவே ஒரு படம். 58 என்று போட்ட கடைசிக் கதவு. அதற்கப்புறம் ரயில்வே மதில்.

வடிவு விலாசத்தைப் பிரியாவிடம் சொல்லியிருக்கிறாள், பிரியா இவனிடம். நைட் டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறான். இவனை யார் நடக்கச் சொன்னது? நான் கேட்டேனா?

கேப்டனுக்கு எழுதினேன். பதில் இல்லை. சாயங்காலம் பார்த்தால் அந்த வீட்டுப் படங்களே அங்கே இல்லை.

மே 9, வெள்ளி

பேங்க்கில் போனது போனதுதான் என்றார்கள். அங்கே இருந்த சின்னப் பெண் கேட்டாள்: "நேர்ல பாக்காம எப்படி சார் பணம் போட்டீங்க?"

இன்டர்நெட்டில் ஃபேன் வாங்கிவிட்டு, ஓடவில்லை என்று என் கடை வாசலில் வந்து நிற்பவர்களிடம் நான் கேட்கிற கேள்வி. அதே சொற்கள். நான் இன்னும் கொஞ்சம் இளக்காரமாகக் கேட்பேன்.

மே 10, சனி

வடிவு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

யோசித்துப் பார்த்தால், உப்பும் மக்ரூனும் இன்டர்நெட்டில் எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டாலே வந்துவிடும். அந்தத் திருட்டு நாய்க்கு ஐந்து நிமிஷ வேலை. முப்பத்தைந்து வருஷக் கல்லாவாம்! தூ.

மே 14, புதன்

மறுபடியும் அவன். கோடை லீவில் அங்கே காலேஜ் ஹாஸ்டல் அறைகளை வெளியாட்களுக்கு வாடகைக்கு விடுவார்களாம், காலேஜே நேரடியாக விடுவதால் பயமில்லையாம். ஏதோ இணைப்பு அனுப்பியிருக்கிறான். திறக்கவில்லை. அழித்துவிட்டேன். பரிதாபப்படுகிறான் போலிருக்கிறது.

மே 19, திங்கள்

நானே தேடி ஒன்று கண்டுபிடித்தேன். கோடையில் மாணவர்கள் ஊருக்குப் போனதும் காலேஜ் ஹாஸ்டல் அறைகள் காலியாகக் கிடக்கும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை யாருக்கு வேண்டுமானாலும் வாரக் கணக்கில் தருகிறார்கள். கட்டில், மேசை, போர்வை தலையணை உண்டு. சமையலறை பொது, குளியலறை பொது. ஓட்டலில் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குதான். இல்ஃபோர்டில் பிரியா வீட்டுக்குப் பஸ்ஸில் இருபது நிமிஷம். இந்தத் தடவை காலேஜ் நம்பருக்கே போன் போட்டு, ஆளோடு பேசி, நாலு கேள்வி கேட்டு, அப்புறம்தான் கட்டினேன். ஒற்றை அறை. வடிவு அவர்கள் வீட்டில் இருந்துகொள்வாள்.

"நானாத் தேடுனது" என்று வடிவிடம் சொன்னேன்.

"இல்லன்னு யாரு சொன்னா?" என்றாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

விசா வந்துவிட்டது. போட்டோவில் நான் ஜெயிலுக்குப் போகிறவன் மாதிரி இருக்கிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

அவன் அம்மா வந்திருந்தாள். ஈவாஞ்சலின் என்று பெயர். பெரியதாழையிலிருந்து இரண்டு பஸ் மாறி, மடியில் ஒரு பையோடு. நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வெளியே வர வேண்டிய அவசியம் என்ன?

எல்லாம் காதில் விழுந்தது. காய மருந்து அரைத்து வெயிலில் காய வைத்து உருண்டை பிடித்திருக்கிறாளாம், பேறுகாலக்காரிக்கு. கொஞ்சம் இறால் பொடி. ஒரு துணி, அதுவும் புதுசில்லை, கிளைட்டன் பிறந்தபோது அவனைச் சுற்றி வைத்திருந்த பழைய வேட்டித் துண்டு. எங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கந்தல் துணி. வடிவு வாங்கி வைத்துக்கொண்டு, நீங்களும் வந்திருக்கலாமே மதினி என்கிறாள். உள்ளதை விற்றுத்தான் அவனை அனுப்பினோம் மதினி, நான் வந்து என்ன செய்யப்போறேன் என்று அந்த அம்மாள் சொல்கிறாள்.

போகும்போது உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "அண்ணாச்சி, போயிட்டு வாங்க. எம்மவன் அதிகம் பேச மாட்டான், கோச்சுக்கிடாதீங்க."

பேப்பரை மடிக்காமலேயே சரி என்றேன். வடிவு அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

ஜூலை 9, புதன் – லண்டன்

வந்து சேர்ந்தோம். விமானத்தில் கொடுத்ததைச் சாப்பாடு என்று சொன்னால் காசிலிங்கம் ஒருவன்தான் நம்புவான்.

ஏர்போர்ட் வாசலில் அவன் நின்றான். ஒல்லி. கண்ணுக்குக் கீழே கறுப்பு. வாங்க மாமா என்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். வழியெல்லாம் வடிவு பேசினாள், அவன் ம் கொட்டினான். என்னை ஹாஸ்டலில் இறக்கிவிட்டு, மாடி வரை பெட்டி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். நான் போய்ட்டு வா என்றுகூடச் சொல்லவில்லை.

அறை சுத்தமாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டும். ஆனால் கூரையில் ஃபேன் இல்லை. மாட்டுவதற்கு ஒரு கொக்கிகூட இல்லை. ஜன்னல் நாலு விரல் அகலத்துக்குமேல் திறக்காது, பையன்கள் விழுந்துவிடுவார்களாம். உலகத்தையே ஆண்டவர்கள். மேலே பார்த்து ஒரு கொக்கி அடிக்கத் தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

இல்ஃபோர்டு போனேன். சாப்பிட மாட்டேன், படுக்க மாட்டேன் என்றுதான் எழுதினேன். பார்க்க மாட்டேன் என்று எழுதவில்லை.

பிரியா வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து கையைப் பிடித்தாள். முகம் வெளுத்திருக்கிறது.

நான் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். இங்கேயே இருங்கப்பா என்று அழுவார்கள், அப்போது அவன் முன்னாலேயே சொல்ல வேண்டும் என்று, விமானத்தில் பத்து மணி நேரம் சொற்களைக்கூட அடுக்கி வைத்திருந்தேன்.

யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட இடமில்லை. ஒரு படுக்கையறை, அதில் பிரியாவும் வடிவும். அடுப்பும் சோபாவும் ஒன்றாகக் கிடக்கிற ஒரு ஹால். அவ்வளவுதான் வீடு. எங்கள் கடை கோடவுன் இதைவிடப் பெரிது.

"நல்லவேளப்பா நீங்க ரூம் போட்டீங்க" என்றாள் பிரியா. "உங்கள எங்கன படுக்க வைக்கன்னு நாங்க ரெண்டு பேரும் ஒரு மாசமா மண்டைய ஒடைச்சோம்."

டீ குடித்தேன். வடிவு போட்டது. கணக்கில் சேராது.

ஜூலை 12, சனி

இங்கே முப்பத்திரண்டு டிகிரி. டிவியில் எச்சரிக்கை, வயதானவர்கள் வெளியே வர வேண்டாமாம். வெள்ளைக்காரர்கள் பார்க்கில் கருவாடு மாதிரி கிடக்கிறார்கள். சிரிப்பாக வந்தது. ஆனால் அறைக்குள் வேர்த்துத் தலையணை நனைந்துவிட்டது.

பொதுச் சமையலறையில் ஒரு சீனத்து அம்மாள். மகனைப் பார்க்க வந்தவளாம். நான் ரசம் வைப்பதை எட்டி நின்று பார்த்தாள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். ரசம் நன்றாக வரவில்லை.

ஜூலை 19, சனி

பெண் குழந்தை. காலை பதினொன்றேகால். இரண்டு பேரும் சுகம்.

முப்பது மணி நேரம் வலி. அவன் பிரியா பக்கத்தைவிட்டு அசையவில்லை என்று வடிவு சொன்னாள். அந்த வேலைக்குத்தானே படித்திருக்கிறான்.

மூக்கு அவர்கள் வீட்டு மூக்கு. நெற்றி எங்களுடையது. அதையாவது விட்டார்களே. அந்தப் பழைய வேட்டித் துண்டில்தான் சுற்றிக் கொடுத்தாள் வடிவு. கையில் வாங்கினேன். மிருதுவாகத்தான் இருந்தது.

ஜூலை 25, வெள்ளி

இதை எழுதத்தான் வேண்டும்.

காலை பத்து மணிக்கு இல்ஃபோர்டு போனேன். ஹாலில் பிரியாவோடு வேலை செய்கிற பெண்கள் நாலைந்து பேர் குழந்தை பார்க்க வந்திருந்தார்கள். ஒரே சத்தம். உள்ளே பிள்ளை அழுகிறது. பாத்ரூம் போகலாம் என்று கதவைத் தள்ளினால் குளியல் தொட்டிக்குள் ஆள் கிடக்கிறது.

அவன்தான். தொட்டிக்குள் கம்பளியை விரித்து, காலை மடக்கி, தலைக்கு ஆஸ்பத்திரிப் பையை வைத்துக்கொண்டு தூங்குகிறான். டூட்டிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கதவுச் சத்தத்தில் விழித்தவன், சாரி மாமா என்று எழுந்து கம்பளியைச் சுருட்டிக்கொண்டு வெளியே நின்றான். நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சும்மா நின்றேன். வந்த காரியம் மறந்துவிட்டது.

வடிவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஐந்து நாளாக இப்படித்தானாம். ராத்திரி டூட்டி. பகலில் ஹாலில் ஆள் நடமாட்டம், படுக்கையறையில் பிள்ளை. குழந்தை பிறந்ததற்கு ஆஸ்பத்திரியில் தருகிற லீவை அவன் இன்னும் எடுக்கவில்லை. நாங்கள் ஊருக்குப் போனதும் பிரியா தனியாக இருப்பாளே, அப்போது வேண்டும் என்று வைத்திருக்கிறானாம்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டான்" என்றாள் வடிவு.

ஏன் சொல்லக் கூடாது? சொன்னால் நான் என்ன சொல்வேன் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சிரித்திருப்பேன். காசிலிங்கத்துக்குப் போன் போட்டுச் சொல்லியிருப்பேன், பெரியதாழைக்காரன் லண்டனில் தொட்டிக்குள் குடியிருக்கிறான் என்று.

ராத்திரி முழுக்க யார் யாருடைய மூத்திரத்தையோ சுமந்துவிட்டு வந்து அந்த ஈரத் தொட்டியில்... சே. என்ன மனுஷன் நான்.

ஜூலை 26, சனி

காலை எட்டு மணிக்கு அவன் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். வெளியே வந்தவன் என்னைப் பார்த்ததும் பதறிவிட்டான். பிள்ளைக்கு என்ன மாமா என்றான். ஒன்றுமில்லை என்றேன். பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்தேன்.

"என் ரூம் பகல்ல சும்மாதான் கெடக்கு" என்றேன். "நான் பார்க்குல போய் உக்காந்திருவேன். நீ வந்து படு."

"வேண்டாம் மாமா, உங்களுக்குச் செரமம்."

"ஏலே, வாடகை குடுத்த ரூம். பகல்ல காலியாப் போட்டா அது நஷ்டம்லா. வா."

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டாவது ஸ்டாப்பிலேயே தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. தட்டி எழுப்பலாம் என்று பார்த்தேன். இறங்குகிற இடம் வரை எழுப்பவில்லை.

ஹாஸ்டல் ரிசப்ஷனில் கேட்டேன். பகலில் ஒரு ஆள் வந்து போகலாமாம்.

ஜூலை 29, செவ்வாய்

டேபிள் ஃபேன் ஒன்று வாங்கினேன். நம் ஊரில் வாசலில் குவித்து வைத்து விற்கிற ரகம், நாலு மடங்கு விலை. மோட்டாரில் காயில் கம்பி சுற்றியிருக்கிற லட்சணத்தைப் பார்த்தால் அழுகை வருகிறது. சத்தம் வேறு. பிரித்து, தண்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கூண்டின் நட்டை இறுக்கியதும் அடங்கியது. அவன் தலைமாட்டில் வைத்தேன்.

ஐந்து மணி நேரம் தூங்கினான். எழுந்ததும் சமையலறையில் எனக்கு மீன் குழம்பு வைத்தான். அவன் வீட்டில் சாப்பிட மாட்டேன் என்றுதான் எழுதினேன். இது என் ரூம். புளி கொஞ்சம் தூக்கல். சீனத்து அம்மாள் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனாள்.

சாப்பிடும்போது கேட்டான், அந்த 94ஆம் நம்பர் விஷயத்தைப் போலீசில் ஆன்லைனில் எழுதிக் கொடுக்கலாமா மாமா என்று. சரி என்றேன். அவனே எழுதினான். எப்படி ஏமாந்தேன் என்று விவரமாகக் கேட்டான், நான் சொன்னேன். மக்ரூனையும் சொன்னேன். சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் அவன் வந்து படுத்தான். பார்க்குக்குப் போகலாம் என்று இறங்கினால் மழை. திரும்பி வந்து, அறை வாசலில் வராந்தாவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இந்த ஊர் மழைக்கும் ஒரு லட்சணம் கிடையாது, பெய்கிறதா இல்லையா என்று கையை நீட்டித்தான் பார்க்க வேண்டும்.

பத்தரை மணிக்குக் காசிலிங்கத்தின் போன். ஹைட் பார்க் போனியா என்று ஆரம்பித்தான். இல்லை என்றேன். அப்ப என்னலே செய்யுத அங்கன உக்காந்து, பெரியதாழைக்காரன் என்ன சொல்லுதான் என்றான். எப்போதும் இந்த இடத்தில் நானும் ஏதாவது சேர்த்துச் சொல்வேன், இருவரும் சிரிப்போம். ம் என்று மட்டும் மெதுவாகச் சொன்னேன்.

"என்னலே, குரலே வரல? சத்தமாப் பேசு."

எழுந்து, கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன்.

"மாப்பிள்ள தூங்குதாரு" என்றேன். "அப்பறம் கூப்பிடு."